நடைமேடைக்கு மேல் ஒளிபுகும் கூரை

லண்டன் பேடிங்டன் ரயில் நிலையம் 1854இல் திறக்கப்பட்டது. பொறியாளர் புரூனல் எழுப்பிய இரும்பு வளைவுகள் இன்றும் நடைமேடைகளுக்கு மேல் நிற்கின்றன. அவற்றின் மேலிருந்த கண்ணாடிதான் இல்லை. 1990களில் அந்த இடத்துக்குப் பாலிகார்பனேட் என்ற ஒளிபுகும் பிளாஸ்டிக்கின் தகடுகள் வந்துவிட்டன. ஓயாமல் ஆள் நடமாடும் இடத்தில் கண்ணாடிக் கூரை என்றால் எப்போதும் ஒரு பயம் உண்டு: ஒரு சில்லு உடைந்தாலும் யாராவது ஒருவர் தலையில்தான் விழும்.

பாலிகார்பனேட்டை 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் உருவாக்கினார். ஒரே வார இடைவெளியில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் தனியாக அதையே கண்டடைந்தார். அப்போலோ விண்வெளி வீரர்களின் தலைக்கவசக் குமிழும் இந்தப் பொருள்தான். அடி விழுந்தால் இதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் நெகிழ்ந்து, அடியின் ஆற்றலைத் தமக்குள் வாங்கிக்கொள்கின்றன. கல் பட்ட இடம் குழியலாம்; கூரை சில்லுசில்லாகக் கொட்டாது.

எடையும் குறைவு. 6 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 15 கிலோ. உள்ளே குழல் குழலாக இடைவெளி விட்டு, நெளி அட்டையைப் போல் செய்யப்படும் 10 மி.மீ. இரட்டைச் சுவர்த் தகடு ஏறத்தாழ 1.7 கிலோதான். தாங்கும் தூண்களும் சட்டங்களும் மெலிதாக இருந்தால் போதும். ஆறடி உயர ஆள் ஒருவரே ஒரு தகட்டைத் தூக்கி மேலே கொடுத்துவிடலாம்.

இத்தனை இருந்தும் சில பேருந்து நிழற்குடைகளில் இந்தக் கூரை மஞ்சளாகி, பாசி பிடித்து, ஸ்க்ரூவைச் சுற்றி விரிசல் விட்டுக் கிடக்கிறது. பெரும்பாலும் கோளாறு பொருத்திய விதத்தில்தான்.

முதல் எதிரி வெயில். புற ஊதாக் கதிர் பாலிகார்பனேட்டை மஞ்சளாக்கி நொறுங்கவைக்கும். அதனால் பெரும்பாலும் தகட்டின் ஒரு முகத்தில் மட்டும், தலைமுடியைவிட மெல்லியதாக ஒரு காப்புப் படலத்தைச் சேர்த்தே வார்க்கிறார்கள். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பது தகட்டின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளில் அச்சாகியிருக்கும். அந்தத் தாளை முன்கூட்டியே உரித்துப் போட்டுவிட்டுத் தகட்டைக் கவிழ்த்து மாட்டினால், காசு கொடுத்து வாங்கிய காப்பு நிழலில் சும்மா கிடக்கும்.

இரண்டாவது, வெப்பத்தில் நீளும் குணம். 4 மீட்டர் தகடு 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் 10 மி.மீ. நீளும், அதைத் தாங்கும் எஃகுச் சட்டம் 2 மி.மீ.கூட நீளாது. நம் ஊர்க் கோடையில் பகலுக்கும் விடியலுக்கும் இடையே தகடு இப்படித் தினமும் நீண்டு சுருங்குகிறது. ஸ்க்ரூவின் அளவுக்கே துளை போட்டு முறுக்கிவிட்டால் தகட்டுக்கு நகர இடமில்லை. துளையைச் சுற்றிக் கீறல் விழும், மழை உள்ளே வரும். துளையைப் பெரிதாகப் போட வேண்டும், அகலமான ரப்பர் வாஷர் வைக்க வேண்டும், வாஷர் நசுங்காத அளவுக்கே இறுக்க வேண்டும். இந்த மூன்றையும் செய்யாத கூரையில் எவ்வளவு விலையுள்ள தகடு போட்டாலும் வீண்தான்.

மூன்றாவது, தகட்டின் உள்ளே இருக்கும் குழல்கள் கூரைச் சரிவின் திசையில் ஓட வேண்டும். மேல் முனையை அலுமினியம் டேப்பால் அடைத்து, கீழ் முனையில் நீராவி வெளியேறத் துளையுள்ள டேப் ஒட்ட வேண்டும். முனைகளைத் திறந்தபடி விட்டால் தூசியும் ஈரமும் புகும்; பின்னால் எவ்வளவு தேய்த்தாலும் உள்ளே வளர்ந்த பாசி போகாது. மேல்பரப்பைக் கழுவ மிதமான சோப்பு நீரும் மென்துணியும் போதும். தின்னரும் அசிட்டோனும் பட்டால் வெடிப்பு வரும்.

வெப்பநாட்டில் முற்றிலும் தெளிந்த தகட்டை நான் ஏற்க மாட்டேன். அதன் வழியே வெளிச்சத்தோடு வெயிலும் சேர்ந்தே இறங்கும். கீழே காத்திருக்கும் முதியவர் வெந்துபோவார். பால்வெள்ளைத் தகடு கண் கூசாத வெளிச்சம் தரும், வெப்பத்தையும் குறைக்கும். பக்கங்களைத் திறந்துவிட்டால் சூடான காற்று தங்காது.

நிழற்குடைக்கு ஒப்பந்தம் போடும் உள்ளாட்சிப் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தகட்டின் தடிமனை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். காப்பு முகம் மேலே, துளை பெரிது, முனைகள் அடைப்பு ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஏணி வைத்து ஏறிப் பார்த்த பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.