வெப்பமும் வெள்ளமும்: மாற்றுத்திறனாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

காலநிலை மாற்றத்தால் கடும் வெப்ப நாள்களும் குறுகிய நேரப் பெருமழையும் அதிகரித்து வருகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் திருவள்ளூர் மாவட்டத்தின் பல பகுதிகளில் வெள்ளம் சூழ்ந்தது. 2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இவ்விரு சூழல்களிலும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பொதுவான அறிவுரைகள் மட்டும் போதா.

வெப்பம் ஏன் கூடுதலாகப் பாதிக்கிறது?

வியர்வையே உடலைக் குளிர்விக்கிறது. கழுத்து அல்லது மேல்முதுகுப் பகுதியில் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்குக் காயத்திற்குக் கீழே வியர்ப்பது குறையும். மனநலச் சிகிச்சைக்கான சில மருந்துகளும் வியர்வையைக் குறைக்கும். லித்தியம் உட்கொள்வோருக்கு நீர்ச்சத்து குறைந்தால் இரத்தத்தில் அம்மருந்தின் அளவு கூடி நச்சாகலாம். எனினும் மருத்துவரைக் கேளாமல் எம்மருந்தையும் நிறுத்தக் கூடாது.

கழிப்பறைக்குச் செல்வது கடினம் என்பதால் சிலர் தண்ணீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். இதனால் சிறுநீர்த் தொற்று ஏற்படலாம். உணர்வற்ற கால்களில் வெயிலில் சூடான சக்கர நாற்காலியின் உலோகப் பகுதி பட்டால், தீக்காயம் வலியின்றியே உண்டாகும்.

பராமரிப்பாளர் செய்ய வேண்டியவை

• கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளில் ஷிப்டு வேலைக்குச் செல்வோர், நண்பகலில் வீட்டிலிருப்பவரைப் பார்த்துவர அண்டை வீட்டார் ஒருவரை ஏற்பாடு செய்தல் வேண்டும்.
• தகரம் அல்லது சிமெண்ட் ஷீட் வேய்ந்த வீடாயின், பகலில் குளிர்ச்சியான வேறிடத்திற்கு மாற்றலாம்.
• குடிநீரைக் கைக்கெட்டும் தொலைவில் வைக்கவும். உடலை ஈரத்துணியால் துடைத்து விசிறவும்.
• உடல் கொதித்தல், குழப்பம், வலிப்பு, மயக்கம் தோன்றினால் உடனே 108ஐ அழைக்கவும். வியர்க்காததால் ஆபத்தில்லை எனக் கருத வேண்டாம்.

வெள்ளத்திற்கு முன்

மின்சாரம் தடைபட்டால் ஆக்சிஜன் செறிவூட்டியும் காற்று மெத்தையும் இயங்கா. எனவே மாற்று ஏற்பாட்டை முன்பே மருத்துவரிடம் கேட்டறியவும். ஒரு வாரத்திற்குரிய மருந்து, சிறுநீர்க் குழாய், மருந்துச் சீட்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆகியவற்றை நீர்புகாத பையில் வைக்கவும். தூக்கிச் செல்ல யார் உதவுவர், எந்த முகாமில் சாய்தளமும் கழிப்பறை வசதியும் உள்ளன என்பதை மழைக்காலத்திற்கு முன்பே அறிந்துகொள்ளவும்.

உங்கள் உரிமை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 8ஆம் பிரிவின்படி, மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேட்டில் பராமரித்து, ஆபத்து குறித்து அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் விவரம் பதிவாகியுள்ளதா என மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டறியவும்.

மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077. மருத்துவ ஆலோசனைக்கு 104.