பஸ் பாஸும் பன்னாட்டு வணிகமும்



போன பொங்கல் லீவில், தறியில் உட்கார்ந்திருந்த அப்பா திடீரென்று கேட்டார்: "ஏம்பா, நம்ம நாட்டுச் சரக்குக்கு அமெரிக்காவுல வரி வேணாம்னு விட்டுட்டு இருந்தாங்களாமே, அப்புறம் ஏன் நிறுத்திட்டாங்க? நீதான் படிக்கிறியே, சொல்லு."

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். தெரியாது என்று எப்படிச் சொல்வது? வாலாஜாபாத்தில் பஸ் ஏறி கண்டக்டரிடம் பாஸைக் காட்டும்போதுதான் எனக்கே பிடி கிடைத்தது.

வெளிநாட்டுச் சரக்கு ஒரு நாட்டுக்குள் நுழைந்தால் சுங்கவரி உண்டு. அதைக் கட்டுபவர் அங்கே வாங்கும் வியாபாரி. வரி குறைந்தால் நம் சரக்கு அவருக்கு மலிவு. ஆர்டர் நமக்கு வரும். ஏழை நாடுகள் தொழிலில் முன்னேற, பணக்கார நாடுகள் இந்த வரியைக் குறைக்கவோ நீக்கவோ வேண்டும் என்ற கோரிக்கை 1964-ல் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. வணிக மாநாட்டில் எழுந்தது. 1968-ல் நம் புதுடெல்லியில் கூடிய இரண்டாம் மாநாடு அதை ஏற்றது. அமெரிக்கா 1976 ஜனவரியில் தொடங்கியது. இதற்கு ஜி.எஸ்.பி. என்று பெயர்.

இனி நம்ம பாஸைப் பாருங்கள். எல்லா பஸ்ஸிலும் செல்லாது. ஜி.எஸ்.பி.யும் அப்படித்தான். பட்டியலில் உள்ள பொருளுக்கு மட்டுமே சலுகை. ஆயத்த ஆடைகளில் பெரும்பகுதியை அமெரிக்கா சேர்க்கவே இல்லை. சலுகை இருந்த காலத்தில் திருப்பூர் பருத்தி பனியனுக்கு 16.5 சதவீதம் வரி இருந்தது. பல வண்டிப் பாகங்களுக்கோ அப்போது பூஜ்யம். எதில் நமக்குக் கை பலமோ அங்கே கதவைச் சாத்திவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது!

பாஸில் போட்டோ ஒட்டுகிறோம் அல்லவா? அடுத்தவன் பாஸில் போக முடியாது. அதேபோல் சரக்கின் மதிப்பில் 35 சதவீதமாவது அந்தந்த நாட்டிலேயே உண்டாகியிருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. கூலியும் அந்தக் கணக்கில் சேரும்.

2017-ல் இந்தியாவிலிருந்து சுமார் 570 கோடி டாலர் சரக்கு இந்தச் சலுகையில் அமெரிக்கா போனது. அந்த ஆண்டு எந்த நாட்டையும் விட நாம்தான் அதிகம். ஆனால் பால் பொருட்கள், மருத்துவக் கருவிகள் விற்க இந்தியா சரியாக இடம் தரவில்லை என்று அங்குள்ள கம்பெனிகள் புகார் செய்தன. 2018-ல் விசாரணை. 2019 ஜூன் 5-ல் பாஸ் ரத்து! பால்காரர் சண்டைக்கு பிரேக் பாகம் செய்பவர் என்ன செய்வார்? 2.5 சதவீதம் வரி திரும்பி வந்தது. சின்னத் தொகைதானே என்று நினைக்காதீர்கள். சிறிய பட்டறையின் லாபமே சில சமயம் அவ்வளவுதான்.

2020 டிசம்பர் 31-ல் அந்த அமெரிக்கத் திட்டமே எல்லா நாடுகளுக்கும் காலாவதியானது. பாஸையும் வருடா வருடம் புதுப்பிக்கணுமே!

ஐரோப்பாவில் வேறு கதை. அங்கே பனியனுக்கு 12 சதவீத வரி. 2014-க்குப் பிறகும் பல ஆண்டுகள் நமக்கு 9.6 ஆகக் குறைத்து வாங்கினார்கள். மிக ஏழை நாடு என்ற கணக்கில் வங்கதேசத்துக்கு 2001 முதல் பூஜ்யம். திருப்பூர்க்காரர்கள் டாக்காவைப் பற்றி ஏன் அவ்வளவு பேசுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

எல்லாம் சொன்னேன். அப்பா பாவை முடிந்துகொண்டே கேட்டார்: "அப்ப அது ஒப்பந்தம் இல்லியா?" இல்லை. ஒப்பந்தம் என்றால் இரண்டு பேர் கையெழுத்து; இது கொடுப்பவர் கையெழுத்து மட்டும்.

ஒரகடம் பக்கம் டிரெயினிங் போகும் மெக்கானிக்கல் நண்பர்களே, ஏற்றுமதி இன்வாய்ஸில் 8708 என்று ஆரம்பிக்கும் எண் இருந்தால் கவனியுங்கள். வண்டிப் பாகங்களுக்கான சுங்க எண் அது. வரி எவ்வளவு என்பது அந்த எண்ணை வைத்துத்தான்.