கள்ளுப் பாத்திரங்களும் கோஸ்டிக் சோடாவும்

முட்டியிலிருந்து குழாய்க்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பனங்கள்ளு, பாளையில் கட்டிய மண்முட்டியிலிருந்து நேரே பிளாவுக்கு வந்த காலத்தில், முட்டியைக் கழுவி வெயிலில் காயவைப்பதோடு துப்புரவு வேலை முடிந்துவிடும். தவறணைகளும் போத்தலில் அடைத்த கள்ளும் பரவிய பின்னர், அதே கள்ளு பிளாஸ்ரிக் கான், எவர்சில்வர் தாங்கி, வளையும் குழாய், திருகுபிடி எனப் பல இடங்களைக் கடந்தே குடிப்பவரைச் சேர்கிறது; அவற்றின் உள்மூலைகளைத் தூரிகையோ தேங்காய்ப் பொச்சோ எட்டுவதில்லை. புலம்பெயர்ந்த நாடுகளில் வீட்டிலேயே பியர் வடித்து, பீப்பாய்களில் அடைத்துக் குழாய்வழி ஊற்றுவோருக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. இலங்கையில் அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் உற்பத்தி செய்வதை 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் தடுக்கிறது என்பதால், இங்கு கூறப்படுவன அனுமதி பெற்ற இடங்களில் வேலை செய்வோரையும், பாணி, விநாகிரி முதலியவற்றுக்கு இதே வகைப் பாத்திரங்களைப் பயன்படுத்துவோரையும் கருதியவை.

கள்ளு நொதிக்கும்போது மதுவமும் இலற்றிக்கமில பற்றீரியாக்களும் பெருகி, இறந்த கலங்களோடும் புரதத்தோடும் சேர்ந்து குழாயின் உட்சுவரில் வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொள்கின்றன. ‘உயிர்ப்படலம்’ எனப்படும் இதன் அடியில் ஒளிந்திருக்கும் பற்றீரியாக்களே அடுத்த நாட் கள்ளையும் விரைவிற் புளிக்கச் செய்கின்றன. வெந்நீர் இதனை முழுமையாக அகற்றுவதில்லை. புரதத்தையும் கொழுப்பையும் உடைத்துக் கரைக்கும் காரமே இதற்கு ஏற்றது என்பதால், பியர்க் குழாய்களை 14 நாளுக்கு ஒருமுறை ஏறத்தாழ 2 சதவீதக் காரக் கரைசலை 15 நிமிடம் சுற்றவிட்டுக் கழுவுவது அமெரிக்க வடிசாலைத் துறையினர் வகுத்துக்கொண்ட வழக்கமாகும்.

பழகிய காரமும் பழகாத காரமும்

காரம் குடாநாட்டுக்குப் புதியதன்று. கருப்பநீர் புளிக்காதிருக்க முட்டியின் உள்ளே பூசப்படும் சுண்ணாம்பு கல்சியம் ஐதரொட்சைட்டு என்னும் காரமே. இந்தப் பழக்கமே ஆபத்துக்கும் வழிவகுக்கிறது எனலாம். ஏனெனில் சுண்ணாம்பை வெறுங்கையால் அள்ளிப் பழகியவர், கோஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஐதரொட்சைட்டையும் அவ்வாறே அள்ள முனைகிறார். ஒரு லீற்றர் நீரிற் சுண்ணாம்பு 2 கிராமுக்கும் குறைவாகவே கரைகிறது. கோஸ்டிக் சோடாவோ சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ 1000 கிராம் வரை கரையும். சுண்ணாம்பு நீரின் காரத்துக்கு இயற்கையே ஓர் எல்லை வைத்திருக்கிறது. கோஸ்டிக் சோடாவுக்கு அத்தகைய எல்லை இல்லை.

அமிலம் பட்டவுடன் எரிவதால் கை தானாகவே பின்வாங்கிவிடுகிறது. காரமோ தோலிலுள்ள கொழுப்பைச் சவர்க்காரமாக மாற்றி, வழுக்கும் உணர்வை மட்டும் முதலில் தந்து, வலி தொடங்குமுன்னரே ஆழமாக இறங்கிவிடக்கூடியது. கையில் வழுக்கினால் அது கரைசலின் இயல்பன்று, தோல் கரைகிறது என்பதன் அறிகுறி.

கரைக்கும் ஒழுங்கு

வாளியில் முதலிற் குளிர்ந்த நீரை நிரப்பி, அதனுள் சோடாவைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்க வேண்டும். சோடாவின்மேல் நீரை ஊற்றினால், கரையும்போது வெளிப்படும் வெப்பம் ஓரிடத்திற் குவிந்து, கொதிக்கும் காரம் முகத்தை நோக்கித் தெறிக்கும். 10 லீற்றர் நீருக்கு 200 கிராம் என்பது 2 சதவீதம். கண்ணளவாகக் கொட்டாமல் தராசில் நிறுக்க வேண்டும். முழங்கைவரை நீண்ட இறப்பர்க் கையுறையும், பக்கங்கள் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும், மூடிய காலணியும் கட்டாயம். பார்வைக்கு அணியும் மூக்குக்கண்ணாடி பக்கவாட்டிலிருந்து வரும் துளியைத் தடுக்காது.

அலுமினியக் குண்டான்களிலும் தகரங்களிலும் இக்கரைசலை ஊற்றக்கூடாது. காரம் அலுமினியத்தைத் தின்று, தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயுவை வெளியிடும். மண்முட்டியும் ஏற்றதன்று, நுண்துளைகளுக்குள் உறிஞ்சப்பட்ட காரம் பின்னர் பானத்திற் கசியும். பலர் அறியாத இன்னொன்றும் உண்டு. கள்ளு ஊற்றி முடித்த கானில் நொதித்தலால் எழுந்த காபனீரொட்சைட்டு நிறைந்திருக்கும். அதற்குள் காரக் கரைசலை விட்டு மூடினால், காரம் அவ்வாயுவை உறிஞ்ச, உள்ளழுத்தம் குறைந்து கான் உள்நோக்கி நசுங்குவதுடன், காரமும் காபனேற்றாக மாறி வலுவிழக்கும். எனவே முதலிற் பச்சைத்தண்ணீரால் அலசி, மூடியைத் திறந்துவைத்தே கழுவ வேண்டும்.

கிணற்று நீரின் தன்மை

குடாநாட்டு நீர், மயோசீன் காலச் சுண்ணக்கற் படுக்கையிலிருந்து வருவதால் கல்சியம் மிகுந்த வன்னீராகும். கேத்தலின் அடியிற் படியும் வெள்ளைப் படிவே அதற்குச் சாட்சி. காரம் கலந்தவுடன் அந்தக் கல்சியம் வெண்மையாக வீழ்படிந்து குழாய்ச் சுவரில் ஒட்டும். இப்படிவு மீண்டும் பற்றீரியாக்கள் பிடித்துக்கொள்ளும் சொரசொரப்பான தளமாகும். மழைநீர் கிடைத்தால் அதுவே சிறந்தது. படிந்துவிட்டதை, காரத்தை நன்கு அலசிய பிறகு விநாகிரியாலோ சித்திரிக்கமிலத்தாலோ கரைக்கலாம். எனினும் அமிலத்தையும் குளோரீன் வெளிற்றியையும் ஒருபோதும் ஒன்றுசேர்க்கக்கூடாது. உண்டாகும் குளோரீன் வாயு நுரையீரலைத் தாக்கும்.

அலசல் போதுமா என்பதை அறியப் பாசிச்சாயத்தாள் இல்லாதபோது மஞ்சள் உதவும். ஆராத்தித் தட்டில் சுண்ணாம்போடு சேர்ந்து மஞ்சள் சிவப்பதை எல்லோரும் அறிவர். மஞ்சள் தோய்த்த வெள்ளைத் தாளைக் கடைசி அலசல் நீரிலும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் கிணற்று நீரிலும் நனைத்து, முன்னது கூடுதலாகச் சிவந்தால் மேலும் அலச வேண்டும்.

பயன்படுத்திய கரைசலைக் கிணற்றடியிற் கொட்டுவது மிகப் பெரிய தவறாகும். மண் மெல்லியதாகவும் பாறை வெடிப்புள்ளதாகவும் இருக்கும் இந்நிலத்தில், மேலே கொட்டியது வெகுவிரைவில் கீழுள்ள நீரைச் சேரக்கூடும். நிறைந்த நீரில் ஐதாக்கி, கிணற்றிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் தூரமாக அகற்றுவதே தக்கது.

பட்டுவிட்டால்

உலர்ந்த துணிக்கைகளைத் தட்டியகற்றி, காரம் பட்ட உடையைக் களைந்து, ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவ வேண்டும். தேசிக்காயோ விநாகிரியோ பூசினால் தோலின் மேலேயே வெப்பம் உண்டாகிப் புண் பெருகும். கண்ணிற் பட்டால் இமைகளை விரித்துக் குறைந்தது 30 நிமிடம் கழுவிய பின்னரே வைத்தியசாலைக்குப் புறப்பட வேண்டும். சுண்ணாம்பு பட்டிருந்தால் அதன் துகள்கள் மேலிமையின் அடியில் ஒளிந்திருக்கலாம் என்பதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்கக்கூடாது. இறங்கும்போது உணவுக்குழாயைச் சுட்ட காரம், ஏறும்போது மீண்டும் சுடும். தழும்பால் அக்குழாய் குறுகி, விழுங்குதல் ஆயுள்முழுதும் இடராகலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்கலாம்.

இத்தகைய விபத்துகளிற் பல, மீந்த கரைசலைச் சோடாப் போத்தலிலோ கள்ளுப் போத்தலிலோ ஊற்றி, அடுப்படி மூலையில் வைப்பதிலிருந்தே தொடங்குகின்றன. அப்படியொரு போத்தல் வீட்டில் இருக்குமாயின், இன்றே அதனை வெறுமையாக்கிவிடுக.