இருக்கிறவன் எடுக்க மாட்டானா?

தேர்தல் நெருங்கினால் போதும், மெர்சிங் ஜெட்டிப் பக்கத்துக் கடைகளில் ஒரு வாதம் தவறாமல் கிளம்பும். ஆற்று முகத்தில் தண்ணீர் ஏறினால்தான் தியோமான் தீவுப் படகு நகரும். அதுவரை தே தாரேக்கும் அரசியலும்தான். பெரிய தவுக்கே (முதலாளி) ஒருவர் நிற்கப் போவதாகப் பேச்சு வந்தால், படகில் சாமான் ஏற்றும் தம்பி தீர்ப்பே சொல்லிவிடுவார்: "அவருகிட்ட இல்லாததாண்ணே? இருக்கிறவன் எடுக்க மாட்டான். இல்லாதவன்தான் வந்து வாரிக்கிட்டுப் போவான்."

வங்கியின் கடன் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த மேசையிலிருந்து பார்த்தவனுக்கு இந்த வாதம் செல்லாது. சம்பளக்காரனின் கோப்பில் ஒரு வீட்டுக் கடன், ஒரு மோட்டார் சைக்கிள் கடன், அவ்வளவுதான் இருக்கும். கோடீஸ்வரரின் கோப்பு அப்படி இராது. நிலத்தை அடகு வைத்து வாங்கிய பங்கு, அந்தப் பங்கை அடகு வைத்து எடுத்த குத்தகை, அந்தக் குத்தகையைக் காட்டிக் கேட்கும் அடுத்த கடன் என்று போய்க்கொண்டே இருக்கும். அவருடைய செல்வம் பெட்டியில் பூட்டி வைத்த பணம் இல்லை. வட்டி விகிதம், பங்கு விலை, உரிமம், அரசாங்க ஒப்புதல் எல்லாம் சேர்ந்து தாங்கிப் பிடித்திருக்கும் கணக்கு அது. இதில் ஒன்று சரிந்தாலும் மற்றவை ஆடும். ஆக, அரசாங்கத்தின் கையெழுத்து ஏழையைவிட அவருக்குத்தான் அதிகம் தேவை.

இதைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போக வேண்டாம். 1985-இல் நம் மலேசியாவில் நடந்ததைப் பார்த்தாலே போதும்.

டான் கூன் சுவான் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, கெந்திங் நிறுவனத்தில் பெயரெடுத்து, 1977-இல் மல்டி பர்பஸ் ஹோல்டிங்ஸின் நிர்வாக இயக்குநர் ஆனவர். சீனச் சமூகத்தின் சிறு சேமிப்புகளைத் திரட்டிப் பெருமுதல் ஆக்குவோம் என்று மலேசிய சீனர் சங்கம், அதாவது மசீச, 1975-இல் தொடங்கிய நிறுவனம் அது. அதே பாணியில்தான் மலேசிய இந்தியர் காங்கிரஸ், அதாவது மஇகா, 1982-இல் மைக்கா ஹோல்டிங்ஸைத் தொடங்கியது. தோட்டத்து மக்கள் நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கிய கதை நம்மவர்களுக்குப் புதிதல்ல. கட்சி வியாபாரத்துக்குள் நுழைந்த காலம் அது. டான் கூன் சுவானோ வியாபாரத்திலிருந்து கட்சியின் உச்சிக்கு ஏறினார். கட்சிக்குள் இருபது மாதம் நடந்த கடும் சண்டைக்குப் பிறகு, 1985 நவம்பர் 24-ஆம் தேதி பெரும் வாக்கு வித்தியாசத்தில் மசீச தலைவரானார். 'இவரே சம்பாதித்தவர், நம்மையும் சம்பாதிக்க வைப்பார்' என்பதுதான் பேராளர்களின் கணக்கு.

ஆறே நாளில் அந்தக் கணக்கு சரிந்தது. நவம்பர் 30-ஆம் தேதி, அவருக்குப் பெரும் பங்கு இருந்த பேன் எலெக்ட்ரிக் என்ற சிங்கப்பூர் நிறுவனம் கடன் கொடுத்தவர்கள் நியமித்த நிர்வாகிகளின் கைக்குப் போனது. கடன் சுமார் 48 கோடி சிங்கப்பூர் வெள்ளி. டிசம்பர் 2 முதல் 4 வரை மூன்று நாட்கள் சிங்கப்பூர், கோலாலம்பூர் பங்குச் சந்தைகள் இரண்டுமே கதவை மூடின. அந்தக் காலத்தில் மலேசிய நிறுவனங்கள் பல இரண்டு சந்தைகளிலும் விற்பனையில் இருந்தன. ஒன்று விழுந்தால் இன்னொன்றும் விழும்.

ஒரு நிறுவனம் விழுந்ததற்கு இரண்டு நாட்டுச் சந்தையை ஏன் மூட வேண்டும்? முன்பேர ஒப்பந்தம் என்ற வழக்கம்தான் காரணம். இன்று என் பங்கை ஒரு வெள்ளிக்கு உங்களிடம் விற்கிறேன். ஆறு மாதம் கழித்து ஒரு வெள்ளி பத்துக் காசுக்கு நானே திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுக்கிறேன். பார்ப்பதற்குப் பங்கு விற்பனை, உண்மையில் பத்துக் காசு வட்டிக்கு வாங்கிய கடன். வங்கியின் கணக்கில் இது கடனாகத் தெரியாது. நீங்கள் ஒரு பங்குத் தரகராக இருந்தால், அந்தச் சீட்டைக் காட்டி வேறொருவரிடம் கடன் வாங்குவீர்கள். அவர் இன்னொருவரிடம் வாங்குவார். பங்கு விலை ஏறும் வரை எல்லாருக்கும் லாபம். விலை இறங்கி, முதல் ஆள் திரும்ப வாங்க முடியாது என்று கைவிரித்தால், சங்கிலியில் கோத்திருக்கும் தரகர்கள் அத்தனை பேரும் சேர்ந்து விழுவார்கள். அந்த வாரம் சந்தையைத் திறந்து வைத்திருந்தால் யார் தேறுவார், யார் மூழ்குவார் என்று யாருக்கும் தெரியாத நிலை.

1986 ஜனவரியில் டான் கூன் சுவான் சிங்கப்பூரில் கைதானார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே ஆகஸ்டு பொதுத் தேர்தலில் கோப்பெங் தொகுதியில் நின்று வென்றார். அதே மாதக் கடைசியில் இரண்டு ஆண்டு சிறையும் 5 லட்சம் வெள்ளி அபராதமும் விதிக்கப்பட்டு, கட்சித் தலைமையையும் நாடாளுமன்ற இருக்கையையும் இழந்தார். இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். அவர்மீது சாட்டிய சட்டப் பிரிவு இத்தகைய செயலுக்குப் பொருந்தாது என்று 1996-இல் வேறொரு வழக்கில் சிங்கப்பூர்த் தலைமை நீதிபதி தீர்ப்புச் சொன்னார். டான் கூன் சுவானுக்கு எதிராக வாதாடிய அரசு வழக்கறிஞர் கிளென் நைட் பிற்காலத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தம் நூலில் எழுதினார். ஆகவே அவரைத் திருடன் என்று முத்திரை குத்த நான் வரவில்லை. தலைவர் நாற்காலியில் அவர் உட்கார்ந்தபோது அவருடைய கடன்களும் கூடவே வந்து உட்கார்ந்தன. அவர் தனி வியாபாரியாக இருந்து விழுந்திருந்தால் நஷ்டம் அவருடைய பங்குதாரர்களோடு போயிருக்கும். ஆளும் கூட்டணியின் இரண்டாவது பெரிய கட்சியும் சேர்ந்து ஆடியது அவர் தலைவராக இருந்ததால்தான்.

அதே 1986 ஆகஸ்டில், வைப்புத்தொகை வாங்கி வந்த 24 கூட்டுறவுச் சங்கங்களை மத்திய வங்கியான பேங்க் நெகாரா முடக்கியது. மசீசவுடன் தொடர்புள்ள கோசாத்து சங்கம்தான் அதில் முதலில் ஆட்டம் கண்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சேமிப்பு சிக்கிக்கொண்டது. நான் அப்போது கவுண்டரில் இளம் குமாஸ்தா. மீன் சந்தையில் வியாபாரம் பார்க்கும் சீனக் கிழவிகள் சேமிப்புப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு வந்து, "இது உங்க வங்கிப் புத்தகம்தானே?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னால், இரண்டு கையெழுத்தும் ஒரு முத்திரையும் இருக்கிறதே என்று காட்டினார்கள். வங்கிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை.

டாயிம் சைனுடின் கதை வேறு மாதிரி. வழக்கறிஞர். கோலாலம்பூரில் தாமான் மாலுரி வீடமைப்புத் திட்டத்தால் பணக்காரர் ஆனவர். 1982-இல் நாடாளுமன்றம், 1984-இல் நிதியமைச்சர். அவருடைய குடும்ப நிறுவனங்களின் கையில் யூஎம்பிசி வங்கியின் பெரும் பங்கு இருந்தது. வங்கிகளைக் கண்காணிக்கும் பேங்க் நெகாராவோ நிதியமைச்சின் கீழ். 1986-இல் அந்தப் பங்கு அரசு நிறுவனமான பெர்னாஸுக்கு விற்கப்பட்டது. மந்தநிலையிலிருந்து நாட்டைத் தூக்கியவர் என்று அவரைப் புகழ்வோர் இன்றும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. 2024 ஜனவரியில், சொத்துகளை அறிவிக்கவில்லை என்று அவர்மீது வழக்குப் போடப்பட்டது. அவர் மறுத்தார். அந்த ஆண்டு நவம்பரில் அவர் இறந்ததும் வழக்கும் முடிந்தது. என்ன வைத்திருக்கிறார் என்று நீதிமன்றத்தில் கேட்பதற்கு, பதவியேற்ற பிறகு நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கேள்வி நேரத்தில் வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னைக்காரர் ஒருவர் உதாரணம். டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1928-இல் தம் பெயரில் விநியோகத் தொழில் தொடங்கி வளர்த்தவர். இன்றைய டிடிகே குழுமத்தின் வேர் அதுதான். பிறகு அரசியலுக்கு வந்து 1956-இல் இந்திய நிதியமைச்சர் ஆனார். 1957-இல் அரசுக் காப்பீட்டு நிறுவனமான எல்ஐசி, ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. இது எப்படி என்று மக்களவையில் எழுந்து கேட்டவர் பெரோஸ் காந்தி. ஆளும் கட்சிக்காரர், போதாக்குறைக்குப் பிரதமர் நேருவின் மருமகன். நீதிபதி சாக்ளா தனியொருவராக, பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்து, 24 நாளில் முடித்தார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவர் தம் பைக்கு எடுத்தார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அமைச்சகத்தில் நடந்ததற்கு அமைச்சர் பொறுப்பு, அவ்வளவே. பின்னர் மீண்டும் நிதியமைச்சராகி, தம் பிள்ளைகளின் வியாபாரம் பற்றிய புகார்களால் 1965 முடிவில் மறுபடியும் விலகினார். திறமைசாலிதான். ஆனாலும் வெளியே போகச் சொல்ல முடிந்தது.

வெளியே போகச் சொல்லவே முடியாத நிலையும் உண்டு. அதற்கு ஜார்ஜியாவைப் பார்க்க வேண்டும். பழைய சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்து கருங்கடல் ஓரத்தில் இருக்கும், 37 லட்சம் மக்கள் கொண்ட குட்டி நாடு. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மருத்துவம் படிக்கப் போகும் நாடு என்றால் பலருக்குத் தெரியும்.

பிட்சினா இவானிஷ்விலி அங்கே சொர்வீலா என்ற கிராமத்தில் 1956-இல் பிறந்தவர். சோவியத் உடைந்த காலத்தில் மாஸ்கோவில் கம்ப்யூட்டரும் பொத்தான் தொலைபேசியும் விற்று, வங்கி தொடங்கி, சுரங்கம், உலோகம் என்று பெருகினார். 2012-இல் ஃபோர்ப்ஸ் பத்திரிகை அவர் சொத்தை 640 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அவருடைய நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அது. தலைநகர் திபிலிசியின் குன்றின்மேல் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கட்டிய கண்ணாடி மாளிகை, வரிக்குதிரை, பெங்குவின் என்று வாழ்ந்தார். தேவாலயம் கட்டவும் நாடகக் கொட்டகைகளைப் புதுப்பிக்கவும் வாரிக் கொடுத்தார். இருக்கிறவன் எடுக்க மாட்டான் என்று ஜார்ஜியர்கள் நம்பியதில் வியப்பில்லை.

2011 அக்டோபரில் அரசியலுக்கு வருவதாக அறிவித்தார். சில நாட்களிலேயே, பிரான்சுக் குடியுரிமையும் வாங்கியவர் என்று காரணம் காட்டி, அப்போதைய அதிபர் சாகாஷ்விலியின் அரசு அவருடைய ஜார்ஜியக் குடியுரிமையைப் பறித்தது. 2012 ஏப்ரலில் கட்சி தொடங்கினார். பெயர் 'ஜார்ஜியக் கனவு', மகன் பாடிய ராப் பாட்டிலிருந்து எடுத்த பெயர். தேர்தலுக்குச் சில நாள் முன்பு, சிறையில் கைதிகளைச் சித்திரவதை செய்யும் காணொளிகள் வெளியாகி நாடே கொதித்தது. அக்டோபர் 1-ஆம் தேதி அவர் கட்சி வென்றது. அந்த நாட்டில் வாக்குச் சீட்டால் ஆட்சி மாறியது அதுவே முதல் தடவை. அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

ஓராண்டு பிரதமராக இருந்தார். 2013 நவம்பரில், சொன்னபடியே விலகினார். பதவி ஆசை இல்லாத மனிதர் என்றார்கள். அடுத்து வந்த பிரதமர் கரிபாஷ்விலி, வயது 31, இவானிஷ்விலியின் கார்ட்டு குழுமத்தில் வேலை பார்த்தவர். அவருக்குப் பின் வந்த க்விரிகாஷ்விலி, கார்ட்டு வங்கியின் இயக்குநராக இருந்தவர். முதலாளி 2018-இல் கட்சித் தலைவராகத் திரும்பினார், 2021-இல் அரசியலே வேண்டாம் என்றார், 2023 கடைசியில் கௌரவத் தலைவராக மறுபடியும் வந்தார். அவர் வந்தாலும் போனாலும் கட்சி அவர் கையிலேயே இருந்தது.

அந்த அதிகாரம் எப்படிப்பட்டது என்பதை மரங்களில் பார்க்கலாம். இவானிஷ்விலிக்குப் பழைய மரங்கள்மீது மோகம். நூறாண்டு தாண்டிய மரங்களை ஊர் ஊராக விலைக்கு வாங்கி, வேரோடு மண்ணோடு பெயர்த்து, ஷெக்வெத்திலி கடற்கரையில் தோட்டம் போட்டார். மரம் போகும் வழியில் மின்கம்பியை அவிழ்த்தார்கள், சாலையை அகலப்படுத்தினார்கள், குறுக்கே நின்ற மரங்களை வெட்டினார்கள். பிறகு மரத்தை மிதவையில் நிறுத்திக் கடல்வழியே இழுத்துப் போனார்கள். 2016-இல், இலையும் கிளையுமாக ஒரு முழு மரம் கருங்கடலில் நகர்ந்து போகும் படம் உலகமெங்கும் வந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு ஜெட்டி ஞாபகம்தான் வந்தது. இங்கே ஒரு பலகையை தியோமானுக்கு ஏற்றுவதற்கே தண்ணீருக்கும் காற்றுக்கும் காத்துக் கிடக்கிறோம். அங்கே எந்தப் பதவியிலும் இல்லாத ஒருவருடைய ஆசைக்கு ஊரும் சாலையும் கம்பியும் விலகி நின்றன. பணம் கொடுத்துத்தான் வாங்கினார், சாலையும் கிடைத்தது என்று மகிழ்ந்த கிராமத்தாரும் உண்டு. வேண்டாம் என்று சொல்லக்கூடிய அதிகாரிதான் எங்கும் இல்லை.

2024 அக்டோபர் தேர்தலில் மோசடி என்று சொல்லி எதிர்க்கட்சிகள் முடிவை ஏற்க மறுத்தன. நவம்பர் 28-ஆம் தேதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சை 2028 வரை தள்ளிவைப்பதாக அரசு அறிவித்ததும் திபிலிசித் தெருக்கள் நிரம்பின. டிசம்பரில் அமெரிக்கா இவானிஷ்விலிமீது பொருளாதாரத் தடை விதித்தது. பிரதமர் கோபாகிட்சே. கோபமோ அவரைத் தாண்டிக் குன்றின்மேல் இருக்கும் கண்ணாடி வீட்டை நோக்கிப் போனது. கிருஷ்ணமாச்சாரியிடம் ராஜினாமாக் கடிதம் வாங்க முடிந்தது. கௌரவத் தலைவரிடம் எதைக் கேட்டு வாங்குவது?

நம் இனத்தில் பிறந்த பெரும் பணக்காரர் ஆனந்த கிருஷ்ணன் 2024-இல் மறையும் வரை எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. எல்லாத் தவுக்கேயும் அப்படியே ஒதுங்கியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர் ஆட்சிக்கு வந்தால் நல்லதும் நடக்கும். ஆனால் அவர் வாசலில் நிற்கும்போதே, கடன் கேட்டு வருபவரிடம் கேட்பதைக் கேட்டுவிட வேண்டும். யாருக்கு எவ்வளவு தர வேண்டியிருக்கிறது? எந்த உரிமம், எந்தக் குத்தகை அரசாங்கத்தின் கையில் இருக்கிறது? பங்குகளை யார் பெயரில் விட்டுவிட்டு வருகிறார், அந்த ஆள் மைத்துனரா, பழைய ஊழியரா? கட்சிச் செலவுக்குப் பணம் யாருடையது? அரசியல் நிதிக்கு ஒரு சட்டம் வேண்டும் என்று இந்த நாட்டில் ஆட்சிக்கு ஆட்சி பேசுகிறார்கள். அதைத் தங்கள் தொகுதி உறுப்பினரிடம் கேட்டு வாங்குவது வாக்காளரின் வேலை.

"இவ்வளவையும் கேட்டா எந்தத் தவுக்கேண்ணே நிப்பாரு?" என்றார் அந்தத் தம்பி, நான் இதையெல்லாம் சொன்னபோது. நிற்க மாட்டார்கள்தான், சிலர். ஐம்பதாயிரம் வெள்ளி கடனுக்கே மூன்று ஆண்டுக் கணக்கும் இரண்டு ஜாமீன்தாரரும் கேட்டவன் நான். நாட்டையே கேட்டு வருபவர் காகிதம் காட்ட மறுத்தால், அந்த விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்வதில் எனக்குத் தயக்கமே இருந்திருக்காது.