வீட்டு மின்னிணைப்பில் தொடர்ச்சிச் சோதனை

நம் கிராமங்களில் மின்விளக்கு எரியாத இல்லம் இன்று அரிதாகிவிட்டது. கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி முதலிய உலோக உடல் கொண்ட சாதனங்களும் பெருகியுள்ளன. இவற்றின் பிளக்கிலுள்ள பருத்த முனை எர்த் எனப்படும் நில இணைப்புக்குரியது என்பதைப் பலரும் அறிவர். ஆனால் சுவரிலுள்ள துளைக்குப் பின்னால் எர்த் கம்பி உண்மையிலேயே வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தவர் மிகச் சிலரே. விளக்கு எரியவோ இயந்திரம் ஓடவோ அக்கம்பி வேண்டுவதில்லை. ஆகவே அது அறுந்து கிடப்பினும் ஒரு குறையும் தென்படாது. சாதனத்தின் உடலில் மின்சாரம் கசியும் நாளன்று, அதைத் தொட்டவர் வாயிலாகவே அக்குறை வெளிப்படும்.

இதை முன்னரே அறிவதற்குரியதே தொடர்ச்சிச் சோதனை. சோதிப்பவர் உரிமம் பெற்ற மின்கம்பியாளராக இருத்தல் வேண்டும். எனினும் மீட்டர் காட்டும் அளவின் பொருள் வீட்டுக்காரருக்கும் விளங்குதல் நலம்.

முதலில் மெயின் ஸ்விச்சை அணைத்து, பேஸ், நியூட்ரல் ஆகிய இரண்டிலும் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்து, சாதனங்கள் அனைத்தையும் கழற்றிவிட வேண்டும். பின்னர் பலகையில் பேஸ் கம்பியையும் எர்த் கம்பியையும் தற்காலிகமாகச் சேர்த்துக் கட்டி, பிளக் துளையில் அவ்விரண்டுக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும்.

என்ன அளவு வரவேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடாமல் மீட்டரைப் பார்ப்பதில் பயனில்லை. 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு 7.41 ஓம், 1.5 சதுர மில்லிமீட்டருக்கு 12.1 ஓம். பலகையிலிருந்து சமையலறைக்கு 20 மீட்டர் எனக் கொண்டால், பேஸ் கம்பி 0.15, எர்த் கம்பி 0.24, ஆக ஏறத்தாழ 0.4 ஓம். மீட்டரின் சொந்தக் கம்பிகளே 0.2 அல்லது 0.3 ஓம் காட்டுமாதலால், அவற்றை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து அத்தொகையைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒலி எழுப்பும் மீட்டரை மட்டும் நம்புதல் கூடாது. சில பத்து ஓம் தடையிருப்பினும் அது ஒலித்துவிடும்.

கணக்கும் அளவும் ஒத்திருந்தால் கம்பி நன்று. 2 ஓம், 3 ஓம் என்று ஏறினாலோ, கம்பியை அசைக்கும்போது எண் துள்ளினாலோ, எங்கோ திருகாணி தளர்ந்துள்ளது அல்லது முனை களிம்பேறியுள்ளது. அளவே வரவில்லையெனில், பிளக்கின் ஸ்விச்சு போடப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போட்டிருந்தும் வராவிடில் கம்பி அறுந்துள்ளது, அல்லது பூட்டப்படவே இல்லை. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 50 ஓம் அளவில் காட்டினால் அஞ்ச வேண்டாம்: ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியின் தடை அதுவே; எவரோ அதைக் கழற்ற மறந்திருப்பர்.

அடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளக்க வேண்டும். இங்கு எந்த அளவும் வரலாகாது. பூஜ்யத்தை ஒட்டி எண் வருமானால், எர்த் கம்பி இழுக்கும் செலவுக்கு அஞ்சி, நியூட்ரலிலிருந்தே சிறு துண்டுக் கம்பியால் எர்த் முனைக்கு இணைப்புக் கொடுத்திருக்கக் கூடும். இது கொடிய தவறு. சோதனை விளக்கை வைத்துப் பார்த்தால் அது பளிச்சென்று எரிந்து, எர்த் இருப்பதாகவே பொய் சொல்லும். ஆனால் என்றேனும் நியூட்ரல் அறுந்தால், ஓடிக்கொண்டிருக்கும் சாதனத்தின் வழியே 230 வோல்ட் அதன் உலோக உடலுக்கே வந்துவிடும். சாதனத்தில் பழுது எதுவும் வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் பிளக்குகளை வளையமாக இணைத்து, கம்பியின் இரு முனைகளையும் பலகைக்கே கொண்டுவரும் முறை உண்டு. அங்கு வளையம் ஓரிடத்தில் அறுந்தாலும் எல்லாப் பிளக்கும் வேலை செய்யுமாதலால், முனைக்கு முனை அளந்தாலன்றிக் குறை தெரியாது. நம் வீடுகளில் அம்முறை அரிது.

சோதனை முடிந்ததும் பலகையில் கட்டிய தற்காலிக இணைப்பை அவிழ்த்து, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மறுபடியும் அளக்க வேண்டும். இப்போது எண் வருமாயின் இரு கம்பிகளும் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன. மெயின் ஸ்விச்சைப் போடலாகாது.

இவ்வளவும் சரியாயினும், எர்த் குழியைப் பற்றி இச்சோதனை ஒன்றும் கூறாது. கோடையில் குழி வறண்டு நிலத்தடை 50 ஓம் ஆனால், 230 வோல்ட்டில் 4.6 ஆம்பியர்தான் பாயும். 15 ஆம்பியர் பியூஸ் எரியாது. ஆதலின் குழியின் தடையைத் தனியே அளப்பதோடு, 30 மில்லியாம்பியர் கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் பலகையில் பொருத்திக்கொள்ள வேண்டும்.