பயோடேட்டா எத்தனை பக்கம் இருக்கணும்?

தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமுக்குக் கிளம்பும்போது நம்மில் பலரும் முதலில் போவது டிடிபி கடைக்குத்தான். “அண்ணா, ஒரு பயோடேட்டா அடிச்சுக் கொடுங்க” என்றால், அவர் ஏற்கெனவே இருக்கும் மாடலில் பெயரை மட்டும் மாற்றித் தருவார். மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு, உறுதிமொழி என்று இரண்டு பக்கம் நிரம்பிவிடும். நமக்குத் தெரிந்த வேலை கடைசியில் ஒரு வரியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

முகாமில் ஒரு மேசைக்கு முன்னால் எவ்வளவு பெரிய வரிசை நிற்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும். அங்கே உங்கள் தாளுக்குக் கிடைப்பது சில நொடிதான். அதற்குள் கண்ணில் படுவது முதல் பக்கத்தின் மேல்பாதி. அதனால் உங்கள் முக்கியமான தகுதி அங்கேயே இருக்கணும்.

எவ்வளவு நீளம்?

• படிப்பு முடித்துப் புதிதாக வேலை தேடுபவர்: ஒரு பக்கம். முக்கால் பக்கம்தான் வருதா? பரவாயில்லை, இழுக்க வேண்டாம்.
• பல ஆண்டு அனுபவம் உள்ளவர்: இரண்டு பக்கம் வரை. கடைசியாகப் பார்த்த வேலையை முதலில் எழுதுங்கள்.
• கல்லூரி ஆசிரியர், ஆராய்ச்சிப் பணி: கட்டுரைப் பட்டியல் சேர்வதால் நீளலாம்.
• டிஎன்பிஎஸ்சி தேர்வு: இணையவழி விண்ணப்பமே போதும், அதில் கேட்பதை மட்டும் நிரப்புங்கள்.

எதை வைப்பது, எதை எடுப்பது?

ஒவ்வொரு வரியையும் படித்து, “இந்த வேலைக்கு இது உதவுமா?” என்று கேளுங்கள். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். பனியன் கம்பெனி வேலைக்கு “கடின உழைப்பாளி” என்று எழுதுவதைவிட, “ஓவர்லாக், ஃபிளாட்லாக் இரண்டு மெஷினும் ஓட்டுவேன், 2 ஆண்டு அனுபவம்” என்பது வேலை வாங்கித் தரும்.

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் இரண்டும் பயோடேட்டாவில் வேண்டவே வேண்டாம். அந்தத் தாள் யார் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. வேலை உறுதியான பிறகு, நிறுவனம் முறைப்படி கேட்டால் கொடுத்தால் போதும்.

ஒரு பக்கத்தில் அடக்கணும் என்று எழுத்தையும் சுருக்காதீர்கள். பிரிண்ட் எடுத்துக் கையில் பிடித்துப் படித்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால், குறைக்க வேண்டியது எழுத்தின் அளவை அல்ல, வரிகளை. மொபைலில் அனுப்புவதாக இருந்தால் பிடிஎஃப் ஆக, உங்கள் பெயரிலேயே சேமித்து அனுப்புங்கள்.

சந்தேகம் இருந்தால், உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்துக்கு அந்தத் தாளுடன் நேரில் போய்க் கேளுங்கள்.