கடல்தரை மாதிரிகள்: அடுத்த கட்டத் திட்டம்

கரையிலிருந்து வெகு தொலைவில், ஆழ்கடலின் தரையில் ஓராயிரம் ஆண்டுகளில் சேரும் படிவின் கனம் பல இடங்களில் ஓரிரண்டு சென்டிமீட்டரே. எனவே அங்கிருந்து எடுக்கப்படும் ஒரு மீட்டர் நீளச் சேற்று உருளையில் ஐம்பதாயிரம் முதல் இலட்சம் ஆண்டுகளின் வரலாறு அடங்கியிருக்கிறது. அச்சேற்றில் புதைந்த நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகளை ஆராய்ந்தால், அவை வாழ்ந்த நாளில் கடல் நீரின் வெப்பமும் உப்புத்தன்மையும் எவ்வாறிருந்தன என்பதை அறியலாம். மழை மிகுந்து ஆறுகள் பெருகிய காலங்களில் வங்கக் கடலின் மேல்நீரில் உப்பு குறையும். ஆகவே இந்த ஓடுகள் ஒருவகையில் மழைக் கணக்கேடுகளேயாகும். இந்தியாவில் முறையான மழைமானிப் பதிவுகள் ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்திற்கே உள்ளன. பருவமழையை நம்பிப் பயிர் செய்யும் ஒரு நாட்டிற்கு இது மிகக் குறுகிய கணக்கு.

மாதிரி எடுக்கும் முறைகள் பல. மேற்பரப்பு மண்ணை அள்ள இரும்புக் கவ்விகள் போதும். கனத்த எடை கட்டிய குழாயைக் கம்பிவடத்தில் இறக்கிச் சேற்றில் பாய்ச்சினால் சில மீட்டர் நீள உருளை கிட்டும். உலக்கை பொருந்திய குழாய் அதனினும் ஆழமாகச் செல்லும். சாகர் கன்யா போன்ற ஆராய்ச்சிக் கப்பல்கள் இப்பணியைப் பல்லாண்டுகளாகச் செய்துள்ளன. ஆனால் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவுகளையும் அவற்றின் கீழுள்ள பாறையையும் தொட வேண்டுமானால், எண்ணெய்க் கிணறு தோண்டுவது போலக் கப்பலிலிருந்து துளையிடுவதைத் தவிர வேறு வழியில்லை. இங்கேதான் செலவின் அளவு முற்றிலும் மாறிவிடுகிறது.

ஆழ்கடலில் அறிவியலுக்காகத் துளையிடும் முயற்சி 1961-ஆம் ஆண்டில் மெக்சிகோ நாட்டின் குவாதலூப் தீவுக்கு அருகில் தொடங்கியது. செலவு பெருகியதால் அமெரிக்கக் காங்கிரஸ் 1966-இல் அத்திட்டத்திற்கு நிதி மறுத்துவிட்டது. பின்னர் 1968 முதல் குளோமர் சாலஞ்சர் என்ற கப்பலும், 1985 முதல் ஜாய்டஸ் ரிசொல்யூஷன் என்ற கப்பலும் உலகக் கடல்களில் மாதிரி எடுத்தன. பின்னது எண்ணெய்த் தேடலுக்காகக் கட்டப்பட்டுப் பின் ஆய்வுக்கூடமாக மாற்றப்பட்டதாகும். பல நாடுகள் செலவில் பங்கேற்று, அதற்கேற்ப விஞ்ஞானிகளைக் கப்பலுக்கு அனுப்பும் கூட்டுறவு முறை நிலைபெற்றது. இந்தியா 2009-இல் இதில் இணை உறுப்பு நாடாகச் சேர்ந்தது. கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம் இப்பணியை ஒருங்கிணைத்தது.

இதனால் கிடைத்த பயன் சிறிதன்று. 2014 நவம்பர் முதல் 2015 ஜனவரி வரை வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் பருவமழையின் வரலாற்றைத் தேடி ஒரு பயணம் நடந்தது. 2015 ஏப்ரல், மே மாதங்களில் மும்பைக்கு மேற்கே அரபிக் கடலின் லட்சுமி வடிநிலத்தில் இரண்டு இடங்களில், கடல்தரைக்குக் கீழே 1,100 மீட்டருக்கு மேல் துளையிடப்பட்டது. எதிர்பாராத செய்தி ஒன்றும் அங்கே வெளிப்பட்டது. ஏறத்தாழ ஒரு கோடியே எட்டு இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கண்டச் சரிவிலிருந்து மாபெரும் மண்சரிவு ஒன்று கடலுக்குள் இறங்கியிருந்தது. உலகில் அறியப்பட்டுள்ள இத்தகைய சரிவுகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்றான இதற்கு நடராஜர் சரிவு என்று பெயரிட்டனர். அண்டத்தையே அசைத்தாடும் கூத்தனின் பெயர் மிகப் பொருத்தமானதே.

பொருளாதாரப் பயனுக்கும் சான்று உண்டு. 2006-இல் இதே கப்பலை இந்தியா வாடகைக்கு அமர்த்தி 21 இடங்களில் 39 துளைகள் இட்டது. கிருஷ்ணா-கோதாவரி வடிநிலத்தில் உறைந்த மீத்தேன் கலந்த, 128 மீட்டர் கனமுள்ள அடுக்கு அப்போதுதான் கண்டறியப்பட்டது. 2015-இல் ஜப்பானின் சிக்யூ கப்பலைக் கொண்டு இரண்டாம் கட்டப் பணி நடந்தது. உறுப்பினர் சந்தா, நேரடி வாடகை ஆகிய இரு வழிகளையுமே இந்தியா கையாண்டு பார்த்திருக்கிறது என்பது இங்கே நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்நிலையில் ஜாய்டஸ் ரிசொல்யூஷன் 2024-இல் தன் அறிவியற் பணியை முடித்துக்கொண்டது. அதற்கான ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனம் 2023-இலேயே அறிவித்திருந்தது. 2025 ஜனவரியில் ஜப்பானும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்து புதிய கூட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ஜப்பானிடம் சிக்யூ உண்டு; ஐரோப்பிய நாடுகள் சொந்தக் கப்பல் வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு பணிக்கும் தகுந்த கலத்தை வாடகைக்குப் பிடிக்கின்றன. சீனா 2024 நவம்பரில் மெங்சியாங் என்ற துளையிடு கப்பலைப் பணியில் சேர்த்தது.

இந்தியா செய்யத்தக்கது யாது? சொந்தமாகத் துளையிடு கப்பல் கட்டுவது பெருமைக்குரியதாயினும், முதலீட்டைக் காட்டிலும் ஆண்டுதோறும் ஏற்படும் இயக்கச் செலவே பெருஞ்சுமையாகும். நாற்பதாண்டு அனுபவமுள்ள அமெரிக்கத் திட்டமே அச்சுமையால் நின்றது. ஆண்டில் பல மாதங்கள் துறைமுகத்தில் நிற்கும் கப்பல், விஞ்ஞானத்திற்கும் உதவாது, வரவு செலவுக்கும் ஒவ்வாது. 2021-இல் மத்திய அமைச்சரவை ரூ. 4,077 கோடிக்கு ஒப்புதல் அளித்த ஆழ்கடல் இயக்கத்தின் வாய்ப்புகளையும் இந்த நோக்கில் பார்ப்பது நலம். 2024-இல் கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்துடன் ஒப்பந்தம் செய்யப்பட்ட ஆராய்ச்சிக் கப்பல் துளையிடு கப்பல் அன்று. ஆனால் துளையிடுவதற்கு முன் செய்ய வேண்டிய அளவைப் பணிக்கு அத்தகைய கலமே இன்றியமையாதது. ஒலி அலைகளால் படிவுகளின் அமைப்பைக் காணாமலும், எண்ணெயோ வாயுவோ அழுத்தத்துடன் தங்கியுள்ளதா என்று உறுதி செய்யாமலும் எந்தப் பாதுகாப்புக் குழுவும் அனுமதி தராது. முன்மொழிவு எழுதப்பட்டதற்கும் துளை இடப்படுவதற்கும் இடையே பல ஆண்டுகள் கழிவது வழக்கம். அளவை விவரங்கள் கையில் ஆயத்தமாக உள்ள நாட்டின் முன்மொழிவே முந்திக்கொள்ளும். கப்பல் யாருடையது என்பது அதற்குப் பின் எழும் கேள்வி.

ஆதலின் அளவைக்கு நிரந்தர ஒதுக்கீடு, கூட்டுத் திட்டங்களில் உறுப்பினர் நிலை, தேவைப்படும்போது வாடகை என்ற வரிசை சிக்கனமானது. இடைப்பட்ட ஆழங்களுக்குச் சென்னையிலுள்ள தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் வேறொரு வழியில் முயன்றுள்ளது. கடல்தரையிலேயே அமர்ந்து 100 மீட்டர் வரை உருளை எடுக்கும் நோக்குடன் அமைந்த இயந்திரத்திற்குப் பெரிய கப்பல் தேவையில்லை.

கப்பல் இல்லாத ஆண்டுகளிலும் வேலை நிற்க வேண்டியதில்லை. எடுக்கப்பட்ட ஒவ்வோர் உருளையும் நெடுக்கே இரண்டாகப் பிளக்கப்படுகிறது. ஒரு பாதி ஆய்வுக்குப் பகிரப்படும்; மறு பாதி எதிர்காலத்திற்கெனக் குளிரறையில் பாதுகாக்கப்படும். இந்தியப் பெருங்கடலின் உருளைகள் கொச்சியில் உள்ளன. பெயர் ஒன்றாயினும் இது கேரளத்துக் கொச்சி அன்று, ஜப்பானின் ஷிகோகு தீவிலுள்ள நகரம். தகுந்த ஆய்வுத் திட்டத்துடன் விண்ணப்பிப்போருக்கு அங்கிருந்து மாதிரிகள் அனுப்பப்படுகின்றன. நமது பல்கலைக்கழகங்களின் புவியியல் துறைகள் பலவற்றுக்கு இந்த வழி இருப்பதே தெரியாது.